எங்கள் வீட்டுச் சுவரில் ஒரு வாலிபால் ஆட்டம்

என் மனைவியின் தம்பி ஏழாயிரம்பண்ணைப் பக்கம் பட்டாசுக் கம்பெனி வைத்திருக்கிறான். நான் பட்டாசுக் கம்பெனிகளின் உரிமக் கோப்புகளைப் பார்த்த பிரிவில் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவன். இப்படி இரண்டு பேர் ஒரே குடும்பத்தில் வந்து சேர்ந்தால் என்ன செய்வது என்று விதிகளில் எங்கும் சொல்லப்படவில்லை. அவனுடைய கோப்பு என் மேசைக்கு வரும்போதெல்லாம் ‘உறவினர்’ என்று குறிப்பு எழுதி அடுத்த மேசைக்குத் தள்ளிவிட்டேன். நான் அதை நேர்மை என்று நினைத்தேன். அவன் அதைப் பழிவாங்கல் என்று நினைத்தான். அடுத்த மேசைக்காரர் கேட்ட கேள்விகளுக்கெல்லாம் அவன் இன்றுவரை என்னிடம்தான் விளக்கம் கேட்கிறான். எனக்குக் கல்யாணம் ஆனபோது அவன் அரைக்கால் சட்டை போட்டுத் திரிந்தவன். அதனால் ஐம்பது தாண்டியும் எனக்கு அவன் ‘அவன்’தான்.

அவன் ஒருநாள் ஒரு பெட்டியைக் கொண்டுவந்து சாப்பாட்டு மேசைமேல் வைத்தான். கையடக்க எல்.இ.டி. புரொஜெக்டர். பெட்டியின் மேல் ஒரு வெள்ளைக்காரக் குடும்பம் புல்வெளியில் உட்கார்ந்து, வீடளவு திரையில் ஒரு சிங்கத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தது. ஓரத்தில் வெளிச்சத்தின் அளவு என்று ஓர் எண் போட்டிருந்தார்கள். அது உண்மையாக இருந்தால் சூரியனுக்கு வேலை போய்விடும்.

“இம்புட்டு வெளிச்சம் இதுக்குள்ள இருக்காது மாப்பிள்ளை” என்றேன்.

“பெட்டியில எழுதுறதுதானே அத்தான். எங்க பெட்டியிலயும்தான் நூறு கலர்னு எழுதுறோம். எண்ணியா பாக்கப் போறாக?”

உரிமப் பிரிவில் இருந்தவன் முன்னால் இப்படிப் பேசுகிறவனுக்கு என்ன துணிச்சல் இருக்க வேண்டும். ஓய்வு பெற்றவனுக்கு அதிகாரம் இல்லை என்பது அவனுக்கு நன்றாகத் தெரியும்.

புரொஜெக்டர் வந்த காரணத்தைச் சொல்ல வேண்டும். அவனுடைய மகள் எங்கள் வீட்டில் வளர்ந்தவள். அவன் கம்பெனியைச் சுற்றி இருப்பது கரிசல் காடும் கருவேல மரமும் வேலையாட்களை ஏற்றிவரும் வேன்களும்தான். அங்கிருந்து படிக்க முடியாது என்று விருதுநகரில் எங்களிடம் விட்டிருந்தார்கள். ஆறாம் வகுப்பில் வந்தவளுக்குத் தலைவாரி, சண்டை போட்டு, சோறூட்டி வளர்த்தது என் மனைவி. பிறகு அவள் வாலிபால் விளையாட ஆரம்பித்து, விளையாட்டு விடுதியில் இடம் கிடைத்து, கோயம்புத்தூர் போய்விட்டாள். அந்த ஞாயிற்றுக்கிழமை மாலை அவளுடைய அணிக்கு இறுதி ஆட்டம். யூடியூபில் நேரடியாகக் காட்டப் போகிறார்கள் என்று சொன்னாள்.

என் மனைவிக்குச் சர்க்கரை நோய் கண்ணில் இறங்கியிருந்தது. இடது கண்ணில் வெளிச்சம் மட்டும்தான் தெரியும். வலது கண்ணுக்கு மாதாமாதம் மதுரையில் ஊசி. இருப்பதைக் காப்பாற்றப் பார்ப்போம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். எங்கள் அலுவலகத்தில் ‘பரிசீலனையில் உள்ளது’ என்று எழுதுவோமே, அதற்கு மருத்துவத் துறையில் இதுதான் வாசகம் போலிருக்கிறது. தினமும் காலையில் இடது கண்ணைப் பொத்திக்கொண்டு ஜன்னல் கம்பிகளைப் பார்க்கச் சொல்லியிருந்தார்கள். கம்பி வளைந்தோ கலங்கியோ தெரிந்தால் உடனே புறப்பட்டு வர வேண்டும். காபி வைப்பதற்கு முன்னால் அவள் கூடத்து ஜன்னலில் போய் நின்று கம்பி பார்ப்பாள். நான் செய்தித்தாளுக்குப் பின்னாலிருந்து அவள் முகத்தைப் பார்ப்பேன்.

தன் மருமகள் விளையாடி அவள் ஒருமுறைகூடப் பார்த்ததில்லை. கைபேசியில் அது எறும்புக் கூட்டம். டிவியில் முகம் வைத்துப் பார்த்தாலும் வண்டுக் கூட்டம். “ஒரு தடவ பாத்துட்டா போதும்” என்று தம்பியிடம் சொல்லியிருக்கிறாள். என்னிடம் சொல்லவில்லை. என்னிடம் சொன்னால் அதற்கு என்ன நடைமுறை என்று ஆரம்பிப்பேன் என்று பயந்திருக்கலாம்.

சனிக்கிழமை மத்தியானம் சோதனை ஓட்டம் வைத்தேன். எந்தப் புதுப் பொருளையும் பயன்பாட்டுக்கு முன்னால் சோதித்தாக வேண்டும். கையேட்டில் தமிழ் இருந்தது. ‘அன்பான கண்ணை ஒளியின் வாயில் வைக்க வேண்டாம்’ என்று ஒரு வரி. அதற்குக் கீழே, ‘வெள்ளையான சுவருக்கு மகிழ்ச்சி’ என்று இன்னொன்று.

வெள்ளையான சுவர். சிவகாசிக்குப் பக்கத்தில் குடியிருக்கிற ஒருவனிடம் கேட்கிற கேள்வியா இது? எங்கள் கூடத்துச் சுவரில் காலண்டர் மாட்டாத இடமே கிடையாது. அச்சகம், பட்டாசுக் கம்பெனி, பருப்பு மில், எண்ணெய் மில், ஜவுளிக்கடை என்று மார்கழி மாதம் ஆளாளுக்குச் சுருட்டிக் கொண்டுவந்து கொடுப்பார்கள். கொடுத்தவர் அடுத்தமுறை வீட்டுக்கு வரும்போது உட்காருவதற்கு முன்னால் சுவரைத்தான் பார்ப்பார். தன்னுடையது இருந்தால் காபி குடிப்பார். இல்லாவிட்டால் அவசர வேலை இருக்கும். நடுச்சுவரில், எல்லாவற்றையும்விடப் பெரிதாக, மயில்மேல் முருகனோடு என் மைத்துனனின் கம்பெனி.

எல்லாவற்றையும் கழற்றினேன். சுவர் முழுக்க ஆணிகள், ஆணிக்குக் கீழே வெவ்வேறு நிறத்தில் சதுரங்கள். புரொஜெக்டரைப் போட்டேன். கைபேசியை அதனோடு சேர்ப்பதற்குள் அது ஒரு பெண்குரலில் சீன மொழியில் என்னைத் திட்டியது. கடைசியில் படம் வந்தது என்று மிஷின் சொன்னது. சுவரில் எனக்கு எதுவும் தெரியவில்லை. விருதுநகர் மத்தியான வெயில் ஜன்னல் வழியாக வந்து சுவரில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தது. அதோடு இந்த விளக்கு போட்டி போடுவது, கலெக்டரோடு நான் போட்டி போடுவது மாதிரி.

“ஆட்டம் நாலு மணிக்கு” என்றாள் மனைவி. “அப்பவும் வெயில் இப்படித்தான் இருக்கும்.”

ஜன்னலை அடைக்க வேண்டும். திரைச்சீலை மெல்லியது. போர்வையை மாட்ட ஆணி நிற்காது. கழற்றிப்போட்ட காலண்டர்கள் தரையில் கிடந்தன. தடித்த காகிதம், தகரப் பட்டை. கண்ணாடிக் கதவுகளைச் சாத்தி, உள்பக்கம் கம்பிகளோடு சேர்த்துக் கட்டினேன். சாமி படம் ஜன்னல் பக்கம் திரும்பியிருப்பதா, அறைப்பக்கம் திரும்பியிருப்பதா என்று ஒரு பிரச்சினை வந்தது. சாமி முதுகைக் காட்டக்கூடாது என்பது மனைவியின் கட்சி. யாருக்குக் காட்டக்கூடாது என்பது என் கேள்வி. தெருவுக்கு முகம் காட்டட்டும், தெருவில் ஆள் அதிகம் என்று முடிவானது.

எதிர்வீட்டு பாய் மார்க்கெட்டில் மல்லி, வத்தல் வியாபாரம் செய்கிறவர். கடைக்குப் போகிற வழியில் நின்று பார்த்தார்.

“என்ன சார், காலண்டர் கடை போட்டுட்டீகளா?”

“இல்ல பாய், சினிமாத் தியேட்டர்.”

“எங்க கடை காலண்டர காணோமே.”

இதைத்தான் சொன்னேன். அவருடையதைத் தேடி முன்வரிசையில் கட்டிய பிறகுதான் அவர் நகர்ந்தார்.

ஞாயிற்றுக்கிழமை மூன்றே முக்கால் மணிக்கு மைத்துனன் வந்தான். தீபாவளி சீசன். காலையில் லோடு ஏற்றிவிட்டு நேராக வந்திருந்தான். அவன் மனைவி மட்டும் மகளோடு கோயம்புத்தூரில் இருந்தாள். தெருவில் நின்று ஜன்னலைப் பார்த்து, தன் முருகன் நடுவில் இருப்பதை உறுதி செய்துகொண்டு, திருப்தியோடு உள்ளே வந்தான். இருட்டிய கூடத்தில் கண் பழகியதும் அவன் பார்த்தது சுவரையல்ல. நான் சோதித்துப் பார்த்து அப்போதுதான் அணைத்து ஸ்டூல்மேல் வைத்திருந்த புரொஜெக்டரைத் தொட்டுப் பார்த்தான். பிறகு அண்ணாந்து பரணைப் பார்த்தான்.

“அத்தான், இது இப்படிக் கொதிக்குதே. மேல என்ன இருக்குன்னு தெரியுமா?”

தெரியும். போன தீபாவளிக்கு அவனே அனுப்பிய பட்டாசுப் பெட்டி. எங்கள் வீட்டில் வெடிக்க ஆளில்லை. திருப்பிக் கொடுத்தால் மரியாதை இல்லை. வேறு யாருக்காவது கொடுத்தால் சாயங்காலத்துக்குள் அவன் காதுக்குப் போய்விடும். அதனால் பரணில் ஏற்றிவைத்திருந்தேன். வெப்பம் தரும் சாதனத்துக்கு அருகில் பட்டாசு வைக்கக்கூடாது என்று எத்தனை கம்பெனிகளின் குறைகளைக் கோப்பில் எழுதியிருப்பேன். என் கூடத்தை நானே ஆய்வு செய்திருந்தால் எனக்கே நோட்டீஸ் கொடுத்திருப்பேன்.

“பெட்டிய இறக்கிருவோம்” என்றேன்.

“இறக்கி எங்கன வைக்க? ஏணியத் தேடி, ஏறி, அதுக்குள்ள ஆட்டம் ஆரம்பிச்சிரும். சாக்கு இருக்கா அக்கா?”

பட்டாசுக்காரனுக்குச் சூடு என்றால் உடனே கை ஈரச் சாக்கைத் தேடும். அவன் கம்பெனியில் எதைத் தொட்டாலும் பக்கத்தில் ஒரு நனைந்த சாக்கு தொங்கும், ஒரு வாளி மணல் இருக்கும். அரிசிச் சாக்கை நனைத்துப் பிழிந்து, மடித்து, ஸ்டூலில் விரித்து அதன்மேல் புரொஜெக்டரை வைத்தான். இன்னொன்றை அதைச் சுற்றி அணைத்தாற்போல் வைத்தான். துளசித் தொட்டி மண்ணை ஒரு வாளியில் அள்ளிப் பக்கத்தில் வைத்தான். நான் மிஷினைத் தொடப் போனபோது, “கம்பியில கைய வச்சிட்டுத் தொடுங்க அத்தான்” என்றான். அவன் கம்பெனியில் வெடிமருந்து அறைக்குள் நுழைகிறவர்கள் உடம்பிலுள்ள மின்சாரம் இறங்க வாசலில் செம்புத் தகட்டைத் தொட்டுவிட்டுத்தான் நுழைவார்கள். மற்றக் கம்பெனிகளில் அந்தத் தகடு இருக்கிறதா என்று கோப்பில் கேட்டவன் நான். மறுக்க முடியாது. காலண்டரைக் கொஞ்சம் ஒதுக்கி, கம்பியைத் தொட்டுவிட்டு வந்து பொத்தானை அழுத்தினேன்.

மின்சாதனத்தை ஈரச் சாக்கில் வைக்கலாமா என்று எனக்குத் தோன்றியதா? தோன்றியது. ஆனால் அதுவரை எங்கள் இருவருக்குள் நடந்த எல்லா வாதத்திலும் பாதுகாப்புக்குப் பேசியவன் நான், வியாபாரத்துக்குப் பேசியவன் அவன். முதல்முறையாக அவன் பாதுகாப்பின் பக்கம் வந்திருக்கிறான். அதைக் கெடுக்க மனம் வரவில்லை.

ஆட்டம் ஆரம்பித்தது. சும்மா சொல்லக்கூடாது, படம் நன்றாகவே வந்தது. மைதானம் ஒரு பக்கம் அகலமாகவும் ஒரு பக்கம் குறுகலாகவும் சம்சா மாதிரி இருந்தாலும், ஒவ்வொரு பெண்ணும் ஒரு முழம் உயரத்துக்கு இருந்தாள். சிவப்புச் சட்டை ஓர் அணி, நீலச் சட்டை ஓர் அணி. மனைவி முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள்.

“ஏழாம் நம்பர்னு சொன்னா” என்றேன். “அதோ, வலைக்குப் பக்கத்துல. சிவப்புச் சட்டை. பாத்தியா?”

“ம்.”

“நல்லா குதிக்கிறா.”

“ம்” என்றாள் மறுபடியும். மைத்துனன் பின்னால் நின்றபடி வாய்க்குள் எதையோ வேண்டிக்கொண்டிருந்தான். லோடு ஏற்றும்போதுகூட அவன் இப்படி வேண்டிக்கொள்வதில்லை.

முதல் செட் பாதியில் படம் மங்கத் தொடங்கியது. முதலில் ஓரங்கள். பிறகு நடுவில் பனிமூட்டம் மாதிரி ஒன்று இறங்கி, சிவப்பும் நீலமும் ஒன்றோடொன்று கரைந்தன. நெட் சரியில்லை என்று நான் கைபேசியைக் குடைந்தேன். ஃபோகஸ் திருகு நழுவியிருக்கும் என்று அவன் அதைத் திருகினான். கையேட்டில் ‘படம் துக்கமாக இருந்தால்’ என்று ஒரு தலைப்பு பார்த்த நினைவு. அதைத் தேடினேன். எங்கள் இருவரில் ஒருவன்கூட நாற்காலியில் இருந்தவளிடம் எதுவும் சொல்லவில்லை. பழுது பார்க்கிறவர்கள் பயனாளியிடம் பேசும் வழக்கம் எந்த அலுவலகத்திலும் இல்லையே.

அவள் இடது கண்ணைப் பொத்தினாள். எடுத்தாள். மறுபடி பொத்தினாள். பிறகு எழுந்து, சுவரைத் தடவிக்கொண்டு ஜன்னலுக்குப் போய், முருகனைப் பிடித்து இழுத்தாள். கட்டியிருந்த நூல் அறுந்து காலண்டர் கீழே விழுந்தது. வெயில் உள்ளே பாய்ந்தது.

“என்னக்கா, வெளிச்சம் வருதுல்ல” என்றான் அவன்.

அவள் இடது கண்ணைப் பொத்திக்கொண்டு கம்பிகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மேலிருந்து கீழே. ஒவ்வொன்றாக. அப்போதுதான் எனக்கு விளங்கியது. சுவரில் படம் கரைந்ததை அவள் சுவரின் குற்றம் என்று நினைக்கவில்லை. மிச்சமிருந்த கண்ணும் போய்விட்டது என்று நினைத்துக்கொண்டு, இத்தனை நேரம் எங்கள் ஆட்டத்தைக் கெடுக்காமல் பேசாமல் உட்கார்ந்திருக்கிறாள்.

என் கையில் கையேடு இருந்தது. அதை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

“கம்பி நேராத்தான் இருக்கு” என்றாள் கடைசியில். பிறகு எங்கள் பக்கம் திரும்பினாள். “அப்ப கெட்டுப்போனது உங்க மிஷினா?”

“மிஷின்தான்” என்றேன்.

“உங்க ரெண்டு பேருக்கும் மங்கலாத்தான் தெரிஞ்சுதா?”

“எங்களுக்கு ஒண்ணுமே தெரியலக்கா” என்றான் அவன்.

“அத வாயத் தொறந்து சொன்னா என்னலே, பல்லா கொட்டிரும்?” என்றாள் தம்பியிடம். என்னிடமும்தான். கல்யாணமான இத்தனை வருஷத்தில் அந்த ‘லே’யில் எனக்கும் பங்கு கிடைத்தது அன்றைக்குத்தான்.

காரணம் கண்டுபிடிக்க அதிகாரிகள் குழு தேவைப்படவில்லை. மிஷினுக்குள் ஒரு குட்டி விசிறி இருக்கிறது. அது கீழேயிருந்து காற்றை உறிஞ்சி உள்ளே தள்ளும். நாங்கள் கொடுத்தது ஈரச் சாக்கின் ஆவி. அடைத்த அறை, கொதிக்கிற விளக்கு, நனைந்த சாக்கு. இட்லி வேகிறதற்கு வேண்டிய எல்லாம் இருந்தது. லென்ஸுக்கு உள்பக்கம் முத்து முத்தாக வியர்த்திருந்தது. உலகத்தில் புரொஜெக்டரைத் தீத்தடுப்புக்காக நனைத்துக் கெடுத்த முதல் குடும்பம் நாங்களாக இருக்கலாம். வேறு ஊர்க்காரர்களுக்கு இந்த யோசனை வர வாய்ப்பில்லை.

சாக்கை எடுத்தெறிந்துவிட்டு, காய்ந்த பலகையில் வைத்து ஓடவிட்டோம். அது தன் சூட்டிலேயே தன்னைக் காய வைத்துக்கொண்டது. அதற்குள் முதல் செட்டும் இரண்டாவதில் பெரும்பகுதியும் போய்விட்டன. முருகனை மறுபடி கட்டினேன். படம் தெளிந்தது. ஆனால் மனைவி இப்போது நாற்காலியில் உட்காரச் சம்மதிக்கவில்லை. சுவருக்குப் பக்கத்தில் போய்ப் பார்ப்பேன் என்றாள். போனாள். அவளுடைய நிழல் மைதானத்தில் பாதியை மறைத்தது. நகர்ந்தால் நிழலும் நகர்ந்தது.

“வெளிச்சம் மேலயிருந்து வரணும் அத்தான்” என்றான் அவன். இருவரும் ஒரே நேரத்தில் பரணைப் பார்த்தோம்.

ஏணி வந்தது. அவன் ஏறிப் பட்டாசுப் பெட்டியை இறக்கினான். காலி இடத்தில் புரொஜெக்டரை வைத்து, முன்பக்கத்தைக் கீழே சாய்த்து, அடியில் என் பழைய சட்டப் புத்தகம் ஒன்றைச் செருகினேன். பணியில் இருந்தபோதுகூட அந்தப் புத்தகம் இவ்வளவு உறுதியாக எதையும் தாங்கியதில்லை. வெளிச்சம் அவள் தலைக்கு மேலாகப் போய்ச் சுவரில் இறங்கியது. நிழல் அவள் காலடியில் அடங்கிவிட்டது.

“இத எங்கன வைக்க?” என்றான் அவன், பெட்டியை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு.

“சமையலறை வேண்டாம், கேஸ் இருக்கு. பூஜை அறையில விளக்கு எரியுது. மாடியில வெயில். உன் கார் வெயில்ல நிக்குது.”

“அப்ப?”

“கையில வச்சிரு” என்றேன். விதிப்படி அதில் தவறில்லை.

மனைவி சுவரோடு ஒட்டி நின்று, வலது கண்ணை ஒவ்வொரு பெண்ணிடமும் கொண்டுபோனாள். ஏழாம் நம்பர் சிவப்புச் சட்டை ஓங்கி ஒரு அடி அடித்தது. “பாத்தியா, நம்ம புள்ள” என்றேன்.

“அது நம்ம புள்ள இல்ல.”

“ஏழாம் நம்பர்.”

“நம்பர் எனக்குத் தெரியல. அது வலது கையால அடிக்குது. நம்ம புள்ளக்கு இடது கை. சோத்தக்கூட இடது கையால எடுக்கப் போயி எத்தன அடி வாங்கிருக்கா எங்கிட்ட.” விரலால் சுவரைத் தொட்டாள். “இந்தா இருக்கா. நீலத்துல.”

நீலச் சட்டையிலும் ஒரு ஏழு இருந்தது. ஒவ்வொரு அணிக்கும் தனித்தனியே ஏழு உண்டு என்பதை நான் யோசித்திருக்கவில்லை. முதல் செட்டில் பாதி நேரம் எதிரணிக்காரிக்குக் கைதட்டியிருக்கிறேன். பெற்றவன் திரும்பி என்னைப் பார்த்தான். அவனும் சிவப்புக்காகத்தான் வேண்டிக்கொண்டிருந்தான் என்பது அவன் முகத்தில் தெரிந்தது. வேண்டுதல் பலித்து, சிவப்பு அணி முன்னால் போய்க்கொண்டிருந்தது.

அதற்குப் பிறகு மனைவி சுவரைவிட்டு விலகவில்லை. அந்தப் பெண் பின்வரிசைக்குப் போனால் இவளும் சுவரோரமாக அந்தப் பக்கம் நகர்ந்தாள். முன்னால் வந்தால் இவளும் வந்தாள். மூன்றாவது செட் முழுவதும் இப்படி நடந்தே பார்த்தாள். அவள் கன்னத்தில் மைதானத்தின் நீலம் விழுந்துகொண்டிருந்தது.

நீல அணி தோற்றது.

கொஞ்ச நேரத்தில் கோயம்புத்தூரிலிருந்து மனைவியின் போனுக்கு அழைப்பு வந்தது. ஸ்பீக்கரில் போட்டேன்.

“அத்தை, பாத்தீகளா?” குரலில் அழுகை இருந்தது. “தோத்துட்டோம்.”

“பாத்தேன்டி. கடைசியில ஒரு பந்துக்குப் பாஞ்சு விழுந்தியே, வலது முட்டியில பட்டுச்சா? எந்திரிச்சதும் அந்தக் காலத் தூக்கித் தூக்கி வச்சியே.”

“உங்களுக்கு எப்படித் தெரியும்? அம்மாகூடப் பாக்கல” என்றாள்.

எனக்கும் தெரியவில்லை. பெற்றவனுக்கும் தெரியவில்லை. நாங்கள் இரண்டு பேரும் நல்ல கண்களோடு ஸ்கோரைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

“மஞ்சப்பத்து போடு. தேங்காண்ணெய தடவிட்டுச் சும்மா இருந்துராத” என்றாள் மனைவி. அதற்குப் பிறகு அவர்கள் பேசியதெல்லாம் முட்டியைப் பற்றித்தான். போனை வைத்துவிட்டு வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள். சுவரில் ஆட்டம் முடிந்து, யாரோ யாருக்கோ கோப்பை கொடுத்துக்கொண்டிருந்தார்கள். அதை அவள் பார்க்கவில்லை.

“அத்தான்” என்றான் மைத்துனன் இருட்டிலிருந்து. பெட்டி இன்னும் அவன் கையில் இருந்தது. “இப்பவாவது எங்கன வைக்கன்னு சொல்லுங்க. கை விட்டுப்போச்சு.”

நான் யோசித்தேன். பரணில் புரொஜெக்டர் இருந்தது. அதை இறக்கினால் பெட்டியை ஏற்றலாம். மனைவி திரும்பாமலே சொன்னாள்.

“பரண்ல வைக்காத. அடுத்த மாசமும் அவளுக்கு ஆட்டம் இருக்காம்.”

அவன் தன்னுடைய பட்டாசைத் தானே தன் காரில் எடுத்துக்கொண்டு போனான். காலண்டர்கள் ஜன்னலில்தான் இருக்கின்றன. கம்பி பார்க்க மட்டும் காலையில் முருகனைக் கழற்றி, காபிக்குப் பிறகு மறுபடி கட்டுகிறேன்.